பணிஸ் என்னும் சாரா மாறி

நாகேந்திரம் மாஸ்டருக்கும் எனக்கும் முதல் சண்டை வந்தது சீனி தூவிய பணிசினால். கொட்டாஞ்சேனையில் எங்கள் பள்ளிக்கூட வாசலில் பேக்கரிக்காரன் பன் பெட்டியை இறக்கினான். அன்றைக்கு அவனுக்கு என்ன சந்தோஷமோ, எல்லாப் பணிசின் தலையிலும் சீனி தூவியிருந்தான். நான் படிப்பித்த நாலாம் வகுப்பு முழுவதும் யன்னலில் தொங்கியது. மாஸ்டர் ஒரு பணிசை எடுத்தார், திருப்பிப் பார்த்தார், வைத்தார், பெட்டியை மூடச் சொன்னார்.

"இது சரிவராது. சீனி ஒரு புறம்பான மாறி," என்றார்.

பெட்டி திரும்பிப் போனது. சீனி இல்லாத பணிஸ் வந்து சேரும்வரை பிள்ளைகள் பெருக்கல் வாய்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேர் வாசலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்கள்.

"மாஸ்டர், உங்கடை நெஞ்சிலை ஈரம் எண்டு ஏதும் இருக்குதோ?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். அதை அளக்க இன்னும் ஒரு முறை கண்டுபிடிக்கப்படவில்லை என்றார். பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். அந்த மனுசனுக்குப் பகிடி விடத் தெரியாது என்பது பிறகுதான் விளங்கியது.

இது இரண்டாம் உலக யுத்தம் முடிந்த அடுத்த வருசம், நடுத் தவணை. அரிசி இன்னும் கூப்பனுக்குத்தான். நாகேந்திரம் மாஸ்டர் ஆசிரிய கலாசாலையில் விரிவுரையாளர். லண்டனுக்குப் போய்க் கல்வி ஆராய்ச்சி படித்துவிட்டு வந்தவர். கொழும்பில் மாணவர் போசாக்குச் சங்கம் என்று ஒன்று இருந்தது. ஹெவ்லொக் டவுனில் வீடும் வளவுமாக இருந்த, நீதிமன்றத்தில் வழக்குப் பேசி இளைப்பாறிய பிரக்கிராசி நமசிவாயம் அதன் தலைவர். தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் பகலில் ஒரு பணிசும் ஒரு கோப்பை பாலும் கொடுக்கலாம் என்று சங்கத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். பிரக்கிராசியார் சாட்சி இல்லாமல் எதையும் நம்பாதவர். பணிசினால் பயன் உண்டென்று முதலில் நிரூபியுங்கள், பிறகு பார்ப்போம் என்றுவிட்டார். நிரூபிக்கிற வேலை நாகேந்திரம் மாஸ்டரின் தலையில் விழுந்தது.

ஏற்பாடு இதுதான். கொட்டாஞ்சேனையில் என் வகுப்புக்கு ஒரு தவணை முழுக்கப் பணிசும் பாலும். வெள்ளவத்தையில் ஒரு பள்ளிக்கூடத்து நாலாம் வகுப்புக்கு ஒன்றும் இல்லை. இரண்டு வகுப்புக்கும் தொடக்கத்தில் ஒரு கணக்குச் சோதனை, முடிவில் ஒரு கணக்குச் சோதனை. எங்கள் பிள்ளைகள் வெள்ளவத்தையைவிடக் கூட ஏறினால் பணிஸ் நிலைக்கும். ஏறாவிட்டால் அதோடு நிற்கும்.

மாஸ்டர் என் கரும்பலகையிலேயே எனக்குப் பாடம் எடுத்தார். பணிஸ் சாரா மாறி, அது எதையும் சார்ந்திராமல் நாங்கள் கொடுப்பதும் நிறுத்துவதுமாக இருப்பது. கணக்குப் புள்ளி சார்ந்த மாறி, பணிசுக்கு ஏற்றபடி ஏறி இறங்குவது. பிள்ளைகளின் வயது, பாடப்புத்தகம், பாட நேரம், ஆசிரியரின் பயிற்சி எல்லாம் இரண்டு பக்கமும் ஒரேமாதிரி இருக்கவேண்டும்.

"எல்லாத்தையும் கட்டிப்போட்டிட்டு, பணிசை மட்டும் அவிட்டு விடுறம்," என்றார். அவர் வாயிலிருந்து வந்ததில் எனக்கு உடனே விளங்கிய வசனம் அது ஒன்றுதான்.

பிறகு பணிசுக்கும் புள்ளிக்கும் நடுவில் ஒரு வட்டம் போட்டு அதற்குள் 'பசி' என்று எழுதினார். அது இடையில் நிற்கிற மாறியாம். இருக்கிறதென்று ஊகிக்கலாமே தவிர, கண்ணால் பார்க்க முடியாதாம்.

"பத்தரை மணிக்கு என்ரை வகுப்புக்கு வாங்கோ, காட்டுறன்," என்றேன்.

வரவு எப்படி என்று அவர் தலைமை ஆசிரியர் கொன்ஸ்ரன்ரைனிடம் கேட்டார். கொன்ஸ்ரன்ரைன் சேர் நல்ல மனுசன். ஆனால் வெளியாள் யாராவது வரவைப் பற்றிக் கேட்டால் அவருக்கு ஒரே பதில்தான்.

"முழு வரவு, சேர்."

"பிள்ளையள் இருக்கிற பின் வாங்குகள் ரெண்டும் வெறுமையாக் கிடக்குதே."

"காய்ச்சல், சேர். கொட்டாஞ்சேனையில எப்பவும் ஒரு காய்ச்சல் இருக்கும்."

வரவு குறைந்தால் அரசாங்கம் தரும் உதவிப்பணம் குறையும். உதவிப்பணம் குறைந்தால் பள்ளிக்கூடத்தை மூடவேண்டியதுதான். அதனால் இன்ஸ்பெக்டர் முதல் தபால்காரன்வரை எல்லாருக்கும் காய்ச்சல் கதைதான். அதைக் கேட்டுக் கேட்டு, அது பொய் என்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது. வரவு மாறாத ஒன்று என்று மாஸ்டர் முடிவு கட்டினார். மாறாததை மாறி என்று சொல்ல முடியாதாம், அது மாறிலியாம். நானும் தலையாட்டினேன்.

இந்த ஆராய்ச்சிக்கு ஒரு விதி இருந்தது. இதைப் பற்றிப் பெற்றார் அறியக்கூடாது. எனக்கு அது பெரிய கரைச்சல். நான் இருந்தது வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்க ஒழுங்கையில், நாகேஸ்வரி அக்காவின் வீட்டில். காலையில் ரயிலில் கோட்டைக்குப் போய், அங்கிருந்து ட்றாமும் நடையுமாகக் கொட்டாஞ்சேனை போய்வருவேன். அக்காவின் மகன், என் பெறாமகன், படித்தது வேறெங்கும் இல்லை. பணிஸ் இல்லாத அதே நாலாம் வகுப்பில்தான். ஆராய்ச்சிக்கு ஒரு மாஸ்டர் வருகிறார் என்பதற்குமேல் நான் வாயைத் திறக்கவில்லை.

வாயைத் திறந்தது மாஸ்டர். அவருக்குக் கலியாணம் ஆகவில்லை, எனக்கும் ஆகவில்லை. அக்காவுக்கு அதற்குமேல் ஒரு ஆராய்ச்சியும் தேவைப்படவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுவிட்டாள். நண்டுக் குழம்பும் முருங்கைக்காய்க் கறியும் வைத்தாள். என்னை நல்ல சீலை உடுக்கச் சொன்னாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் பள்ளிக்கூடத்துக்கு உடுக்கிற சீலையையே உடுத்தேன்.

"தம்பி, என்னவோ ஆராய்ச்சியாம். எங்களுக்கும் சொல்லுங்கோவன்," என்றாள் அக்கா.

அந்த மனுசனிடம் அதுவரை யாரும் அப்படி ஆசையாகக் கேட்டதில்லைப் போலும். நண்டுக் காலைக் கீழே வைத்துவிட்டுத் தொடங்கினார். ஒரு அப்பளத்தை இந்தப் பக்கம் வைத்து இது கொட்டாஞ்சேனை என்றார். வெறும் தட்டை அந்தப் பக்கம் வைத்து இது வெள்ளவத்தை என்றார். நான் மேசைக்குக் கீழே அவர் காலை மிதித்தேன். மன்னிக்கவேண்டும் என்று காலை இழுத்துக்கொண்டு மேலே சொன்னார்.

"அப்ப எங்கடை பிள்ளையளுக்கு ஒண்டும் இல்லையோ?" என்று அக்கா கேட்டாள்.

"ஒண்டும் இல்லை, அக்கா. ஒண்டும் இல்லாமல் இருக்கிறதுதான் அவையின்ரை வேலை. கட்டுப்பாட்டுக் குழு."

"கொட்டாஞ்சேனைப் பிள்ளையளோடை சோதினையோ?"

"ஓம்."

"அவை எங்கடையளைவிடக் கூட எடுத்தால்?"

"அதைத்தான் எதிர்பார்க்கிறம்," என்று மாஸ்டர் சந்தோஷமாகச் சொன்னார்.

அக்கா அகப்பையைச் சட்டிக்குள் வைத்தாள். அதற்குப் பிறகு அவருக்கு அவள் குழம்பு விடவில்லை. அவர் அதைக் கவனிக்கவும் இல்லை.

வெள்ளிக்கிழமை கோயிலில் அக்கா மற்றத் தாய்மாரைக் கண்டாள். அடுத்த கிழமை எங்கள் ஒழுங்கையே மாறிவிட்டது. யாழ்ப்பாணத்தில் கணக்குப் படிப்பித்து இளைப்பாறி, மகனோடு வந்திருந்த ஒரு வாத்தியாரைப் பிடித்து, விறாந்தைக்கு விறாந்தை ரியூசன் வைத்தார்கள். பிள்ளைகளுக்கு விடிய முட்டைக்கோப்பி, பின்னேரம் நல்லெண்ணெயில் பொரித்த முட்டை. என் பெறாமகன் ஒருநாள் வாய் முழுக்க முட்டையோடு எனக்கு வட்டிக் கணக்கு விளங்கப்படுத்தினான். நாலாம் வகுப்புக்காரனுக்கு வட்டிக் கணக்கு எதற்கு என்று கேட்டால், கைகாவலாக இருக்கட்டும் என்றாள் அக்கா.

"அக்கா, நீங்கள் வெண்டால் அந்தப் பிள்ளையளின்ரை பணிஸ் நிண்டிடும். அது தெரியுமோ?"

"பணிசை ஆர் வேண்டாம் எண்டது? வடிவாத் தின்னட்டும். நாங்கள் என்ன பறிக்கவே போறம்?"

"வெண்டால் பறிச்ச மாதிரித்தான்."

"அதுக்காக என்ரை பிள்ளை தோக்கோணுமோ, சிவமணி?"

எந்தத் தாயிடம் போய் உன் பிள்ளை தோற்கட்டும் என்று சொல்ல முடியுமா. அதுவும் வெள்ளவத்தையில்.

மாஸ்டரிடம் போய்ச் சொன்னேன். பெற்றார் அறியமாட்டார்கள், விதி அப்படித்தான் என்றார்.

"நீங்கள்தானே சாப்பிடேக்கை சொன்னனீங்கள்."

"அது சாப்பாடு. அது ஆராய்ச்சிக்குள்ளை வராது," என்றார். லண்டனில் இதைத்தான் படிப்பித்தார்களோ என்று வாய்வரை வந்தது.

இதற்கிடையில் என் வகுப்பில் காய்ச்சல் சுகமாகத் தொடங்கியது. பணிஸ் வந்த இரண்டாம் கிழமை பின் வாங்கில் ஒரு பிள்ளை. அடுத்த நாள் இன்னும் இரண்டு. பெயரை மட்டும் கூப்பிட்டு, ஆளைக் காணாமல் இருந்த பிள்ளைகள் ஒவ்வொன்றாக வந்து குந்தின. ஒரு நாள் காலையில் றமீலா வாசலில் நின்றாள். அவள் வாப்பா துறைமுகத்தில் மூட்டை சுமக்கிறவர். இடுப்பில் அவளுடைய தம்பி, மூக்கு ஒழுக ஒழுக.

"இவ்வளவு நாளும் எங்கை போனனீ?"

"தம்பியப் பாத்தேன், டீச்சர்."

"இப்ப தம்பியை ஆர் பாக்கிறது?"

"இந்தா ஈக்கிறானே," என்று இடுப்பைத் திருப்பிக் காட்டினாள். "உம்மா செல்லின, பணிஸ் தாரதுண்டா தம்பியையும் தூக்கிட்டுப் போ, பாதிய அவனுக்குக் குடுண்டு."

ஒரு மாணவருக்கு ஒரு பணிஸ், பங்கு போடக்கூடாது என்பதும் மாஸ்டரின் விதி. பங்கு போட்டால் அளவு பிழைத்துவிடுமாம். பதினொரு மணிக்கு றமீலா பணிசைப் பிய்க்கிற நேரமாகப் பார்த்து எனக்குக் கரும்பலகையில் ஏதாவது எழுத வேலை வந்துவிடும். அவள் பெரிய பாதியைத் தம்பிக்குக் கொடுப்பாள். மிச்சத்தைத் தின்றுவிட்டு விரல்களை நக்கிக்கொண்டு சிலேட்டை எடுப்பாள்.

அவளுக்குக் கணக்கு ஒன்றும் தெரியாது. எப்படித் தெரியும், வந்தால்தானே. கூட்டலுக்குத் தன் பத்து விரலையும் எண்ணி முடித்துவிட்டுத் தம்பியின் விரல்களைப் பிடித்து எண்ணுவாள். அவன் கையை இழுத்துக்கொண்டால் விடை பிழைத்துவிடும். தவணை நடுவில் ஒருநாள் பத்தை அடுத்த வரிசைக்குக் காவிக் கூட்டுகிற வித்தையை அவளுக்குப் பிடிபட வைத்தேன். அன்றைக்கு அவள் தம்பியைக் கீழே இறக்கிவிட்டு, இரண்டு கையாலும் சிலேட்டைப் பிடித்து எனக்குக் காட்டினாள். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்ல முடியாது. வீட்டுக்குப் போகிற வழி முழுக்க ரயிலில் சிரித்துக்கொண்டு போனேன்.

வகுப்பில் வாங்கு போதாமல் போனது. கொன்ஸ்ரன்ரைன் சேர் கோயில் மண்டபத்திலிருந்து இரண்டு வாங்கு கேட்டு வாங்கிப் போட்டார். முழு வரவு என்று முதன்முறையாக உண்மையைச் சொல்கிறோம் என்ற பெருமை அவர் நடையிலேயே தெரிந்தது. பணிஸ் வெல்லும் என்று நாங்கள் இரண்டு பேரும் நம்பினோம். கண் முன்னால் நிறைந்துபோயிருந்த வகுப்பைப் பார்த்தால் யாரும் நம்புவார்கள்.

தவணை முடிவில் இரண்டாம் சோதனை நடந்தது. இரண்டு நாள் கழித்து மாஸ்டர் வந்தார். என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்து முடித்தும் போடவில்லை.

"வெள்ளவத்தைச் சராசரி நல்லா ஏறியிருக்குது," என்றார்.

"எங்கடை?"

"இறங்கியிருக்குது."

"எதைவிட?"

"தொடக்கத்திலை இருந்ததைவிட." அவருக்கு உண்மையாகவே மனவருத்தம். "பணிசாலை பயன் இல்லை எண்டுதான் எழுதவேணும். இன்னும் சரியாச் சொன்னால், பணிஸ் கணக்குக்குக் கொஞ்சம் கூடாது."

அவர் கையிலிருந்த விடைத்தாள் கட்டைப் பிடுங்கினேன். பிடுங்கினேன் என்றுதான் சொல்லவேண்டும். ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டு போனேன். றமீலாவின் தாள் வந்தது. ஆரம்பக் கூட்டல்கள் சரி, மற்றதெல்லாம் பிழை. கடைசிக் கணக்குக்குப் பக்கத்தில் தம்பியின் கைவிரல் அழுக்கு.

"இவள் முதல் சோதினையிலை என்ன புள்ளி?" என்று கேட்டேன்.

"முதல் சோதினைக்கு இல்லை. காய்ச்சல்."

"காய்ச்சல் இல்லை, மாஸ்டர். இவள் பள்ளிக்கூடத்துக்கே வாறதில்லை. பணிஸ் வந்தாப்பிறகு வந்தவள். இதுவும் அப்பிடி. இதுவும். இந்தா, இதுவும்."

பின் வாங்குப் பிள்ளைகளின் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வேறாகப் போட்டேன். கட்டு மெலிந்துகொண்டே போனது. மாஸ்டர் மிச்சத் தாள்களை இழுத்து அங்கேயே கூட்டிப் பிரித்துப் பார்த்தார். பழைய பிள்ளைகள் ஏறியிருந்தார்கள், நன்றாகவே ஏறியிருந்தார்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். பிறகு வெள்ளவத்தைப் புள்ளியைப் பார்த்தார். அது இன்னும் மேலே நின்றது.

"அங்கை ஏன் இவ்வளவு ஏறினது?"

"முட்டைக்கோப்பி," என்றேன்.

இந்த முறை அவர் என்னோடு ரயிலில் வந்தார். எங்கள் ஒழுங்கையில் விறாந்தைக்கு விறாந்தை பிள்ளைகள் வட்டிக் கணக்குச் செய்துகொண்டிருந்தார்கள். சோதனை முடிந்த பிறகும் ஒரு தாயும் நிறுத்தவில்லை. யார் முதலில் நிறுத்துவது என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் பெறாமகனிடம் என்ன படிக்கிறாய் என்று மாஸ்டர் கேட்டார். கொட்டாஞ்சேனையை வெல்லப் படிக்கிறோம் என்றான். மாஸ்டர் மதில் ஓரத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"என்ரை கட்டுப்பாட்டுக் குழு," என்றார். பிறகு, "இவைக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டார்.

"நண்டுக் குழம்பு."

ரயில் ஒன்று போனது. அந்த ஆளில் எனக்கு முதல் தடவையாகப் பரிதாபம் வந்தது. லண்டனிலிருந்து இவ்வளவு தூரம் சுமந்து வந்ததை ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் கொட்டிவிட்டு, அது விளங்காமலே தவணை முழுக்கப் பணிசைத் தராசில் நிறுத்துத் திரிந்திருக்கிறார்.

"பணிஸ் மாத்தினது புள்ளியை இல்லை," என்றார் கடைசியில். "வரவை. நான் எதை மாறிலி எண்டு தள்ளினேனோ அதைத்தான் அது மாத்தியிருக்குது. நான் பிழையான இடத்தைப் பார்த்துக்கொண்டு இருந்திட்டன்."

"அதைச் சங்கத்திலை சொல்லுங்கோ."

"சொல்லுறன்," என்றார்.

சங்கக் கூட்டம் ஹெவ்லொக் டவுனில் பிரக்கிராசி நமசிவாயம் வீட்டில். மாஸ்டர், கொன்ஸ்ரன்ரைன் சேர், நான் மூன்று பேரும் போனோம். பெரிய மேசை, அதில் கேக்கும் சான்விச்சும். சங்கத்துப் பெரியவர்கள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்கள். பேச்சு முழுக்க இங்கிலீசில்தான். மாஸ்டர் சொன்னதையெல்லாம் பிரக்கிராசியார் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, கோட்டில் சாட்சியைக் கேட்கிற மாதிரியே கேட்டார்.

"பணிஸ் கொடுத்தபோது வகுப்பின் சராசரி இறங்கியது?"

"ஓம், சேர்."

"புதிதாக வந்த பிள்ளைகளை நீக்கினால் சராசரி ஏறுகிறது?"

"ஓம், சேர்."

"பணிஸ் இல்லாவிட்டால் அந்தப் பிள்ளைகள் வரமாட்டார்கள்?"

"ஓம், சேர்."

"அப்படியென்றால் பணிசை நிறுத்தச் சொல்லிக் கேட்கத்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள்."

"இல்லை, சேர். சார்ந்த மாறியாக வரவை எடுத்துப் பார்க்கவேண்டும் என்று கேட்கிறேன்."

"சோதனை முடிந்த பிறகா? முடிவைப் பார்த்துவிட்டு அளவுகோலை மாற்றுகிறவன் ஆராய்ச்சிக்காரன் இல்லை என்று தொடக்கத்தில் எங்களுக்குச் சொன்னது யார்?"

சொன்னது மாஸ்டர்தான். அதை அவர் மனதார நம்புகிறவர். அதனால் வாயை மூடிக்கொண்டார். அவருடைய நேர்மைமேல் எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சம் இல்லை. நான் எழும்பினேன். அந்தப் பிள்ளைகள் பசியில் வீட்டில் கிடந்தவை, பணிஸ் வந்தபடியால் பள்ளிக்கூடம் வந்தவை, பணிஸ் நின்றால் நாளைக்கே நின்றுவிடும் என்று தெரிந்த இங்கிலீசில் சொன்னேன். பிரக்கிராசியார் என்னைப் பார்க்காமல் கொன்ஸ்ரன்ரைன் சேரைப் பார்த்தார்.

"தலைமை ஆசிரியர் அவர்களே, பணிசுக்கு முதல் உங்கள் வரவு எப்படி?"

கொன்ஸ்ரன்ரைன் சேர் என்னைப் பார்த்தார். பிறகு தன் சப்பாத்தைப் பார்த்தார்.

"எப்போதும் முழு வரவுதான், சேர். இடைக்கிடை காய்ச்சல்."

அடுத்த தவணை தொடங்கும் திங்கட்கிழமை முதல் பணிசை நிறுத்தத் தீர்மானித்தார்கள். எங்களுக்கும் ஆளுக்கொரு துண்டு கேக் தந்தார்கள். நான் தொடவில்லை.

வெளியே றோட்டுக்கு வந்ததும் கொன்ஸ்ரன்ரைன் சேரைப் பிடித்துக்கொண்டேன். வெட்கமாயில்லையா என்று நடுறோட்டில் நின்று கேட்டேன். அவர் கோபிக்கவில்லை.

"டீச்சர், வரவு இல்லைண்டு என் வாயால சொன்னா, அடுத்த மாசம் உதவிப்பணம் இல்ல. பள்ளிக்கூடமே இல்ல. பணிசும் போய் பள்ளிக்கூடமும் போகட்டுமா, சொல்லுங்க."

அவர் சொன்னது உண்மைதான். ஆனாலும் அவரோடு ஒரே பஸ்ஸில் ஏற மனம் வரவில்லை. அடுத்த பஸ்ஸுக்கு நின்றேன். மாஸ்டரும் பக்கத்தில் நின்றார்.

திங்கட்கிழமை பிள்ளைகள் எல்லாரும் வந்தார்கள். யாருக்கும் தெரியாது. பதினொரு மணி ஆனதும் எல்லாத் தலையும் வாசல் பக்கம் திரும்பியது. இனிமேல் பணிஸ் இல்லை என்று நான்தான் சொல்லவேண்டும், சொன்னேன். முன் வாங்குப் பிள்ளைகள் கொஞ்சம் முணுமுணுத்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்தார்கள். றமீலா எழும்பி என்னிடம் வந்தாள்.

"நாளைக்கு ஈக்கா, டீச்சர்?"

"நாளைக்கும் இல்லை."

"மத்த நாளைக்கு?"

"இல்லை, றமீலா. இனி இல்லை."

"சரி, டீச்சர்," என்றாள். போய் உட்கார்ந்து, செய்துகொண்டிருந்த கூட்டலைச் செய்து முடித்தாள். கொண்டுவந்து காட்டினாள், சரியாக இருந்தது. சரி போட்டுக் கொடுத்தேன். தம்பி பணிஸ் கேட்டு அழத் தொடங்கியிருந்தான். அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள், பிறகு வரவில்லை. அந்தக் கிழமை முடிவதற்குள் பின் வாங்குகளில் ஒருவரும் இல்லை. ஒரு பின்னேரம் எல்லாரும் போன பிறகு வகுப்புக் கதவைச் சாத்திவிட்டு இருந்து அழுதேன். யாருக்காக அழுகிறேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

அவளைத் தேடி வீட்டுக்கும் போனேன். அவள் உம்மா மரியாதையாகத் தேத்தண்ணி தந்தாள். "அவள் வந்தா இவனுக்கு ஆரு சோறு குடுக்கிற, டீச்சர்? பணிஸ் ஈந்தா ஒரு வேள பாடு முடியும்," என்றாள். அதில் ஒரு பிழையும் சொல்ல முடியவில்லை.

வருச முடிவில், எதற்கும் உறுதிப்படுத்திக்கொள்வோம் என்று சங்கம் இன்னொரு சோதனை வைக்கச் சொன்னது. மாஸ்டர் வைத்தார். என் வகுப்பின் சராசரி விறுவிறுவென்று ஏறியிருந்தது. எங்கள் பள்ளிக்கூடத்தில் அதற்குமுன் எந்த வகுப்பும் அவ்வளவு எடுத்ததில்லை. பணிஸ் நின்றது, புள்ளி ஏறியது. இதைவிடத் தெளிவான நிரூபணம் லண்டனிலும் கிடையாது என்று பிரக்கிராசியார் சொன்னாராம்.

பரிசளிப்பு விழாவுக்கு அவரையே தலைமை தாங்கக் கூப்பிட்டிருந்தார்கள். மாலை போட்டார்கள். கொன்ஸ்ரன்ரைன் சேர் பக்கத்தில் இருந்தார். மாஸ்டர் மேடையின் ஓரத்தில். பணிசும் பாலும் இல்லாமலே, உழைப்பினால் மட்டும், ஒரு கொட்டாஞ்சேனை வகுப்பு இப்படி ஏறலாம் என்று பிரக்கிராசியார் பேசினார். பேசிவிட்டு, நாலாம் வகுப்பு ஆசிரியை எழும்பவேண்டும் என்றார். எழும்பினேன். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கு அந்தக் கை தட்டலைத் தாங்க முடியவில்லை.

"மிஸ் சிவமணி," என்றார் அவர், தமிழில், எல்லாருக்கும் கேட்க. "எப்பிடிச் செய்தனீங்கள்? மற்ற ஆசிரியர்மாரும் தெரிஞ்சு கொள்ளட்டும்."

"கஷ்டம் இல்லை, ஐயா," என்றேன். "பசிச்ச பிள்ளையளை வராமல் பண்ணினால் போதும். சராசரி தன்பாட்டிலை ஏறும்."

கொன்ஸ்ரன்ரைன் சேர் இருமினார். மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். பிரக்கிராசியார் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்தார்.

"மற்றப் பள்ளிக்கூடங்களிலையும் இதைச் செய்யலாமோ?" என்று கேட்டார்.

"செய்துகொண்டுதான் இருக்கினம், ஐயா," என்றேன்.

அவர் அதையும் எழுதிக்கொண்டார்.